கிரேன் ஓட்டியது யார்

ரீட்டா வேலை பார்த்த பட்டறையில் மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அப்படிப் பல பட்டறைகள் உண்டு. அச்சிலிருந்து வரும் கட்டைகளைச் சூளைக்கு அனுப்புவதற்கு முன், ஓரத்துப் பிசிறுகளை ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்வது அவள் வேலை. ஜூலை மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் கயல்விழி தன் போனை நீட்டினாள்.

"ரீட்டாக்கா, இதப் பாரேன். உங்க வூட்டுக்காரரு இருக்குற ஊருதான இது?"

அந்தத் துறைமுக நகரத்தின் நடுச் சதுக்கம் ரீட்டாவுக்குப் பழக்கம்தான். அங்கே வேலை பார்க்கும் கணவன் ஜஸ்டின் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் காட்டியிருக்கிறான். நாற்பதடி உயரத்தில், வலது கையைத் தூக்கியபடி அந்த நாட்டு அதிபரின் வெண்கலச் சிலை நிற்கும். இருபத்தாறு வருடம் ஆண்ட அதிபர் இரண்டு நாளைக்கு முன் விமானம் ஏறி ஓடிவிட்டார் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அவரை எதிர்த்துக் கிளம்பிய படை நகரத்துக்குள் வந்துவிட்டது. இப்போது அந்தப் படையின் சிப்பாய்கள் சிலையின் கழுத்தில் இரும்பு வடத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வடத்தின் மறுமுனை ஒரு மஞ்சள் கிரேனில் இருந்தது. கிரேன் மூன்று முறை இழுத்துப் பார்த்தது. நான்காவது இழுப்பில் சிலை முழங்காலில் மடங்கி முகம் தரையில் மோத விழுந்தது. சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இரண்டு பேர் சிலையின் தலைமேல் ஏறி ஆடினார்கள். பிறகு படம் கிரேனின் பக்கம் திரும்பியது. ஒரு சிப்பாய் உள்ளே எட்டி, ஓட்டியவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

ஓட்டியவன் ஜஸ்டின்.

"ஐயோ, எங்க வூட்டுக்காரருதாண்டி" என்றாள் ரீட்டா.

பட்டறையே கூடிவிட்டது. கயல்விழி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். "நம்ம விருத்தாசலத்து ஆளு ஒரு சர்வாதிகாரியையே சாச்சிட்டாருப்பா!" என்று சூளைக்காரர் கொளஞ்சியப்பன் கைதட்டினார். ரீட்டாவுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ஜஸ்டின் கிரேன் ஓட்டுநர் இல்லை. சரக்குக்கு வடம் மாட்டி, கீழே நின்று கை காட்டும் உதவியாள். ஓட்டுபவர் அவளுடைய அண்ணன் சாவியோ. மூன்று வருடத்துக்கு முன் ஜஸ்டினை அங்கே அழைத்துப் போனதும் அவர்தான். அண்ணன் எங்கே? இவர் ஏன் அந்த இருக்கையில்? வீடியோவில் ஜஸ்டின் சிரிக்கவில்லை என்பதை அவள் மட்டும் பார்த்தாள்.

அன்று முழுக்கக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. போர் இன்னும் முடியவில்லை என்றும், அதிபரின் ஆட்கள் நாட்டின் வடபாதியில் இருக்கிறார்கள் என்றும் செய்தியில் சொன்னார்கள். நான்காம் நாள் சாவியோ எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். "வந்துகிட்டு இருக்கேம்மா" என்றார். அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. இரண்டு பேரும் வருகிறார்கள் என்று நினைத்து அவள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஆறாம் நாள் காலையில் சாவியோ தனியாக வந்தார். வாசல் குழாயில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரீட்டா துண்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எங்கண்ணே?"

"மாப்ள வரலம்மா."

"வரலன்னா?"

"வரமாட்டேன்னுட்டாரு." சாவியோ துண்டை வாங்கி முகத்தை மூடித் துடைத்தார். "லாரியில எடம் இருந்துது. கையப் புடிச்சி இழுத்தேன். செலைய சாச்ச அன்னிக்கு சிப்பாய்ங்க தோள்ல தூக்கிவச்சிகிட்டு ஆடுனாங்கம்மா. அதுல தல கெறங்கிப் போச்சி. இவங்க கூடவே இருந்துக்கறேன் மச்சான், நீ போ, ரீட்டாகிட்ட சொல்லிடுன்னாரு. நான் என்னா செய்யறது சொல்லு?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் ரீட்டா நம்பியிருக்க மாட்டாள். சொன்னது சாவியோ. அப்பா செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். அவள் மகள் ஆன் மேரிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை, கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். சாவியோவே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் பெயரைப் பட்டியல் எடுத்து டெல்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் அலுவலர். சாவியோ எழுதினார்: என் தங்கை கணவர் எங்களுடன் வர மறுத்து, தன் விருப்பத்தின் பேரில் அங்குள்ள படையினருடன் தங்கிவிட்டார். கீழே ரீட்டாவும் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் படித்துப் பார்த்துவிட்டு, "மாட்டிக்கிட்டவங்க லிஸ்ட்ல இவர சேக்க முடியாதேம்மா. இவரா விரும்பித்தான தங்கியிருக்காரு?" என்றார். ரீட்டா ஆமென்று தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி அவன் போனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். முதலில் கெஞ்சினாள். பாப்பா காய்ச்சலாகக் கிடக்கிறாள், வந்துவிடுங்கள் என்றாள். பிறகு திட்டினாள். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அம்மா மதலேனாவிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அழுதாள். "பொண்டாட்டி புள்ளைய விட துப்பாக்கிக்காரனுங்க பெருசாப் போயிட்டாங்களாம்மா அவருக்கு?" என்பாள். மதலேனா மகளின் தலையைத் தடவிக்கொடுத்து, "விதிம்மா, வேற என்னா சொல்லறது" என்பாள். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன், ரீட்டா கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்தபோது, வீட்டு வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. கிட்டே போகும்வரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"உள்ள வரலாமா?" என்று கேட்டான் ஜஸ்டின்.

பூட்டைத் திறந்தாள். அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆன் மேரி அவனைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள் ரீட்டா.

அவன் பிளாஸ்டிக் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"லாரியில எடம் இருந்தும் வரமாட்டேன்னு சொன்னீங்களாமே. உங்களுக்கு அவங்கதான் முக்கியமாமே."

ஜஸ்டின் நிமிர்ந்து பார்த்தான். "யாரு சொன்னது?"

"அண்ணந்தான் சொன்னாரு. வேற யாரு சொல்லுவா?"

தண்ணீர் கேட்டான். இடது கையால் சொம்பை வாங்கிக் குடித்தான். அப்போதுதான் அவனுடைய வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதை அவள் கவனித்தாள்.

"நான் நடந்ததச் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்" என்று தொடங்கினான்.

"அன்னிக்குக் காலையில எட்டு சிப்பாய்ங்க எங்க கேம்ப்புக்கு வந்தாங்க. முப்பது பேர வரிசையா நிக்க வச்சி, கிரேன் டிரைவரு யாருன்னு கேட்டாங்க. உங்க அண்ணன் கழுத்துல லைசென்ஸ் கார்டு தொங்கிகிட்டிருந்துது. அத எடுத்து சட்டைக்குள்ள வுட்டுகிட்டு என்ன கை காட்டுனாரு. எனக்கு அவரு மேல கோவமே வரல ரீட்டா. அவரு நெஞ்சு வலி வந்த ஆளு, பயந்துட்டாரு, சரி நாம போவோம்னுதான் நெனச்சேன். சாயங்காலத்துல என்ன ஒக்கார வச்சி ஓட்டக் கத்துக் குடுத்திருக்காரு இல்ல, அந்தத் தைரியம். போற வழியிலதான் சொன்னாங்க, சுத்தியிருக்கற மாடிங்கள்ல இன்னும் எதிரி ஆளுங்க ஒளிஞ்சிருக்கலாம், குனிஞ்சே ஓட்டுன்னு. சிலை விழுற வரைக்கும் எப்ப எங்கேந்து குண்டு வருமோன்னு ஒக்காந்திருந்தேன்."

"அந்த வீடியோ பாத்தேன்" என்றாள் ரீட்டா மெல்ல.

"விழுந்ததும் அவங்க ஆபீசருக்குக் குஷி தாங்கல. நாளைக்குக் காலையில எல்லைக்கு லாரி போவுது, பன்னண்டு எடம்தான், மொத எடம் கிரேன் டிரைவருக்குன்னாரு. நான் மச்சான்கிட்ட ஓடி வந்து சொன்னேன். மச்சான், நம்ம ரெண்டு பேரும் போயிடலாம், நான் கேட்டு உனக்கும் எடம் வாங்கறேன்னேன். சரி மாப்ளன்னாரு. காலையில லாரி வந்துது. அந்த ஆபீசரு சண்டைக்குப் போயிட்டாரு, வேற ஒருத்தரு வந்திருந்தாரு. கிரேன் டிரைவரு வான்னாரு. நான் முன்னாடி போனேன். பின்னாடியே உங்க அண்ணன் வந்தாரு. கார்டு சட்டைக்கு வெளிய இருந்துது."

ரீட்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அதுல போட்டோ இருக்குது, டிரைவருன்னு எழுதியிருக்குது. என் கார்டுல ஹெல்பருன்னு இருக்குது. ஆபீசரு ரெண்டையும் பாத்தாரு. என்னக் காட்டி, இது யாருன்னு உங்க அண்ணன்கிட்டயே கேட்டாரு. ஹெல்பருன்னாரு. அந்த ஒரு வார்த்ததான் சொன்னாரு. மச்சான், சொல்லு மச்சான், நேத்து நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லு மச்சான்னு கத்துனேன். என் பக்கம் திரும்பவே இல்ல. லாரியில ஏறி எனக்கு முதுக காட்டி ஒக்காந்துட்டாரு."

சிலை விழுந்த பதினோராம் நாள் அதிபரின் ஆட்கள் திரும்பி வந்து துறைமுகத்தைப் பிடித்தார்கள். அவர்களிடமும் அந்த வீடியோ இருந்தது. யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நாற்பது பேரோடு அவனை அடைத்தார்கள். நெம்புகோலைப் பிடித்த கை எது என்று கேட்டு, வலது மணிக்கட்டைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். நான் டிரைவர் இல்லை, ஹெல்பர் என்று தினமும் சொன்னான். வீடியோவைப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அந்த அறையில் இருந்த வெளிநாட்டுக்காரர்களில் நான்கு பேரை அவரவர் நாட்டுத் தூதரகம் கேட்டு வாங்கிக்கொண்டது. அவனை யாரும் கேட்டு வரவில்லை. ஏழு மாதம் கழித்து இரண்டு படைகளும் கைதிகளை மாற்றிக்கொண்டபோதுதான் வெளியே வந்தான்.

"நம்ம தூதரகம் மாட்டிகிட்ட நம்ம நாட்டு ஆளுங்க எல்லாரையும் பத்தி விசாரிச்சிதாம். என் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்லன்னுட்டாங்க. ஏன்னுதான் எனக்கு இன்னும் புரியல" என்றான்.

ரீட்டாவுக்குப் புரிந்தது. கடலூரில் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது.

"விடுறப்ப போனக் குடுத்தாங்க" என்று அவன் தொடர்ந்தான். "பஸ்ஸுல சார்ஜு போட்டேன். உன் மெசேஜு அறுபத்தி மூணு இருந்துது. எல்லாத்தையும் கேட்டேன். கடைசியில, பாப்பாகிட்ட நீங்க செத்துட்டதா சொல்லிட்டேன், அப்பிடியே இருந்துக்குங்கன்னு சொல்லியிருந்த. அதான் வாசல்ல நின்னேன்."

ரீட்டா தரையில் நகர்ந்து வந்து அவனுடைய கோணல் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகை சத்தமாக வந்தது. அழுகையினூடே கலெக்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள், தன் கையெழுத்தையும் மறைக்கவில்லை. ஜஸ்டின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "உங்கிட்ட பொய் சொன்னா நீ என்னா பண்ணுவ" என்று மட்டும் சொன்னான். உள்ளறைக் கதவு திறந்தது. ஆன் மேரி வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் ரீட்டா கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனாள். சாவியோ வெளியே போயிருந்தார். மதலேனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை முறத்தைக் கீழே வைக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

மதலேனா முறத்தைக் கீழே வைத்தாள். "வந்த அன்னிக்கே சொல்லி அழுதாண்டி. காலப் புடிச்சிகிட்டு அழுதான்."

"அப்ப நான் வாராவாரம் வந்து அவரத் திட்டுனனே. நீ என் தலையத் தடவுனியே."

"நான் என்னா பண்ணுவன்? உண்மையச் சொன்னா நீ அவன் மொகத்துல முழிப்பியா? ரெண்டு பேருல ஒருத்தனாவது வந்து சேந்தானேன்னு இருந்துட்டேன். மாப்ள எப்பிடியும் வந்துருவாருன்னு தினம் செபமால சொன்னேம்மா, சத்தியமா."

"நீ செபமால சொல்லிகிட்டு இருந்தப்ப அவரு கைய ஒடச்சிகிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு ரீட்டா எழுந்தாள். மதலேனா புடவை முந்தானையைப் பிடித்தாள். அவள் உருவிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் சாதாரண உடையில் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளிநாட்டில் ஆயுதப் படையோடு விரும்பிச் சேர்ந்து தங்கியதாக அவன் மைத்துனரே எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் அவர்களிடம் இருந்தது. என்ன பயிற்சி எடுத்தாய், யார் யாரைத் தெரியும் என்று மூன்று மணி நேரம் கேட்டார்கள். ஜஸ்டின் கையைக் காட்டினான். "கை அடிபட்டதுக்கு சாட்சி, இந்தக் கடுதாசி நீங்களா விரும்பித் தங்குனதுக்கு சாட்சி. நாங்க எத எடுத்துக்கறது சொல்லுங்க. அந்தக் கடுதாசி தப்புன்னா அவரயே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் மூத்தவர். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ரீட்டா கூப்பிட்டதும் சாவியோ வந்தார். வாசலிலேயே நின்றார். ஜஸ்டின்தான், "உள்ள வா மச்சான்" என்றான். சாவியோ வந்து உட்கார்ந்து, அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பயந்துட்டேன் மாப்ள. அந்த லாரிய வுட்டா உசுரு போயிடும்னு தோணிச்சி. வேற ஒண்ணுமே தோணல."

"பயந்தது தப்பில்ல மச்சான். நானும் பயந்துதான் கெடந்தேன். ஊருக்கு வந்தப்புறம் என்னா பயம்? நான் வரமாட்டேன்னு சொன்னதா ஏன் சொன்ன? அவன் அங்க மாட்டிகிட்டான், எப்பிடியாவது கூட்டியாங்கன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, தூதரகம் கேட்டு வாங்கிட்டுப் போன நாலு பேரோட நானும் வந்திருப்பேன் இல்ல?"

"ரீட்டா மொகத்தப் பாத்ததும் வாயில வந்துடிச்சி. அப்புறம் மாத்தி சொல்ல முடியல. சொன்னா இந்த வூட்டுல சேப்பீங்களா என்ன?"

"வாயில வந்தது சரி. கலெக்டர் ஆபீசுல வாயா எழுதுச்சி?" என்று கேட்டாள் ரீட்டா. அவள் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, எனக்கு ஒண்ணு மட்டும் செய். திங்கக்கெழம கடலூருக்கு வா. அன்னிக்கு எழுதுனது பொய்யின்னு எழுதிக் குடு. நீ லாரியில ஏறுனதப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க. அத எழுதவும் வேணாம். அவரா தங்கலன்னு மட்டும் எழுது. போதும்."

சாவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரேம்மா. பத்து மணிக்கு நேரா அங்க வந்துடறேன். மாதா மேல ஆண." போகும்போது ஆன் மேரியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் ரீட்டாவும் ஜஸ்டினும் கிளம்பினார்கள். ஒன்பதரைக்கே கலெக்டர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பத்து ஆனது, பத்தரை ஆனது. மனு கொடுக்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. சாவியோவின் போன் அணைந்திருந்தது. "பஸ்ஸு லேட்டா இருக்கும்" என்றான் ஜஸ்டின். பதினொன்றுக்கு ரீட்டா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அவன் நேத்து சாயங்காலமே மெட்ராஸுக்குக் கெளம்பிட்டாம்மா" என்றாள் மதலேனா. "காலையில பிளேன் ஏறியிருப்பான். வேற நாட்டுல வேல, ரெண்டு மாசமா விசாவுக்குக் காத்துகிட்டு இருந்தான். போலீஸு கேசுன்னு வந்தா அது போயிடும்ல?"

"எங்கிட்ட ஆண வச்சிட்டுப் போனானே. அப்பவே டிக்கெட்டு எடுத்தாச்சா?"

"பாப்பா நல்லா இருக்கால்ல?" என்றாள் மதலேனா.

"எடுத்தாச்சாம்மா?"

"எடுத்தாச்சி" என்றாள் மதலேனா. பிறகு அவசரமாக, "ரீட்டா, அவன் பேர எதுலயும் எழுதிடாதம்மா. உனக்கு அப்பன் மாதிரிடி அவன். நாளைக்குத் திரும்பி வரணும்ல?" என்றாள்.

ரீட்டா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஜஸ்டினுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வா போயிடலாம் என்று அவன் எழுந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, வெளியே மனு எழுதுபவரிடம் ஒரு வெள்ளைத்தாள் மட்டும் வாங்கிவந்தாள். தானே எழுதினாள். ஜூலையில் கொடுத்த கடிதத்தில் இருப்பது பொய் என்றும், அதைத் தெரியாமல் தானும் கையெழுத்திட்டதாகவும், தன் கணவரை அதிபரின் படை ஏழு மாதம் அடைத்து வைத்திருந்ததாகவும் எழுதினாள். பொய் எழுதியவர் பெயர் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிடம் நின்றது. பிறகு அண்ணனின் பெயரை, அப்பா பெயரோடும் கருவேப்பிலங்குறிச்சி முகவரியோடும் முழுதாக எழுதினாள்.

உள்ளே அதே அலுவலர்தான் இருந்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல எழுதியிருக்கறது உங்க கூடப் பொறந்த அண்ணனாம்மா?"

"ஆமாங்க."

"நாளைக்கு அவர் மேல நடவடிக்க வரலாம். பாஸ்போர்ட்டுக்கே பிரச்சன ஆவும். யோசிச்சிட்டுத்தான் எழுதுனீங்களா?"

"யோசிச்சிட்டுத்தாங்க."

அவர் முத்திரை குத்தி, ரசீதுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். விசாரணை எத்தனை நாளில் முடியும் என்று சொல்ல முடியாது, மறுபடி கூப்பிடுவார்கள், இரண்டு பேரும் வரவேண்டியிருக்கும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பஸ் வடலூரைத் தாண்டியது. பிறகு ஜஸ்டின் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்தக் கார்டு என் கழுத்துல இருந்திருந்தா, நானும்தான் ஏறியிருப்பேனோ என்னமோ. உள்ள கெடந்தப்ப அதத்தான் நெனச்சிகிட்டே இருப்பேன்."

"ஏறியிருப்பீங்க" என்றாள் ரீட்டா.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏறி வந்து, எங்கிட்ட சொல்லியிருப்பீங்க. உங்க அண்ணன வுட்டுட்டு வந்துட்டேண்டின்னு இந்த வாசல்ல ஒக்காந்து அழுதிருப்பீங்க. நான் அடிச்சிருப்பேன், திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா போயி அவன மீக்க வழி பாத்திருப்போம்."

நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து ஏறினார்கள். பஸ் நிறைந்துவிட்டது. ஜஸ்டினின் அடிபட்ட கை இடிபடாமல் இருக்க ரீட்டா அவனை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு, நடைபாதைப் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள். போனை மறுபடி திறந்தாள். அம்மா ஒன்பது முறை கூப்பிட்டதாகச் செய்தி வந்திருந்தது. பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்று கண்டக்டரிடம் கேட்டாள். நான்கு மணிக்குப் போய்விடும் என்றார் அவர்.